செண்பகவல்லியின் பதினான்கு முடிவுகள்

2023 ஆகஸ்டு எட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே காலுக்கு சுசீந்திரம் உரக்கடை கிருஷ்ணமணியின் மனைவி முத்துக்கனியின் கைப்பேசியிலிருந்து கதம்பல் அழுகிய நாற்றம் வந்தது. தேங்காய் உரித்த கதம்பலைக் கயிறு திரிப்பதற்காகக் காயலில் ஆறு மாதம் ஊறப்போட்டு, கறுத்துக் குழைந்தபின் மேலே இழுப்பார்களே, அப்போது வருகிற நாற்றம். கடற்கரைப் பக்கம் பெண் கொடுத்து ஒருமுறையாவது சம்பந்தி வீட்டில் தங்கியவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. முத்துக்கனி முதலில் தன் கைதான் நாறுகிறது என்று நினைத்துக் கழுவினாள். பிறகு வீட்டுக்காரரைச் சந்தேகப்பட்டாள். அவரோ கடையில் இருந்தார். கைப்பேசியைக் கொண்டுபோய் வெளிச்சுவர்மேல் வைத்ததும், அங்கே நாலு வருடமாகக் குடியிருந்த காக்கை ஒன்று அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தேரூருக்குப் போய்ச் சேர்ந்தது. அது திரும்பவில்லை.

கைப்பேசி பழுதுபார்க்கும் மரியஜான் அதைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே ஒரு துரும்புகூட அழுக்கில்லை. மனுஷன் ஓங்கரித்துக்கொண்டே இரண்டு நாள் சோதனை செய்து, ஒருவேளைச் சோறுகூட இறங்காமல், கடைசியில் நோயைக் கண்டுபிடித்தார். கைப்பேசியில் குற்றமில்லை. முத்துக்கனி அதில் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்த விளையாட்டில், இரண்டு பொட்டலங்களைக் காட்டி ஒன்றைத் தொடச் சொல்லும் இடங்கள் இருந்தன. அங்கே தொட்டால் மட்டும்தான் நாற்றம் கிளம்பியது. அதிலும் விளையாட்டின் நாயகி செண்பகவல்லி தன் ஆட்டுக்குட்டிக்கு என்ன பேர் வைப்பாள் என்ற இடத்தில் தொட்டால் வரவில்லை. செண்பகவல்லி குவைத்துக்குப் போவாளா, தையற்கடை வைப்பாளா என்ற இடத்தில் தொட்டால் மரியஜானின் கடைக்கு எதிரே நின்ற பேருந்திலிருந்து ஆட்கள் இறங்கி ஓடினார்கள்.

அந்த விளையாட்டை எழுதியவள் முத்துக்கனியின் மகள் நந்தனா. இருபத்தேழு வயது. இரணியல் ஸ்டேஷன் ரோட்டில், ஏத்தங்காய் சிப்ஸ் கடைக்கு மேல்மாடியில் ‘ஏழிலைப்பாலை கேம்ஸ்’ என்றொரு கம்பெனி இருந்தது. பெங்களூரில் பத்து வருடம் குப்பை கொட்டிவிட்டு வந்த சிவபிரசாத் அதன் முதலாளி. மொத்தம் ஐந்து பேர். கணினிகள்மேல் எப்போதும் தேங்காயெண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும். நந்தனாவுக்குக் கதை எழுதும் வேலை. புருஷன் வீட்டில் அடிபட்டு அம்மா வீட்டுக்குத் திரும்பும் செண்பகவல்லி என்ற பெண்ணின் கதையை அவள் எழுதினாள். அடுத்து என்ன செய்வது என்று விளையாடுகிறவர் சொல்ல வேண்டும். வழக்குப் போடலாம், நர்சிங் படிக்கலாம், கடல் தாண்டலாம், பேசாமல் மாடு வளர்க்கலாம். இருநூற்றுப் பன்னிரண்டு இடங்களில் கதை கிளை பிரிந்தது. மாடிச் சுவர் முழுக்க ஆணியடித்து, கிளைக்கு ஒரு வாழைநாராக நந்தனா இழுத்துக் கட்டியிருந்தாள். கடைசியில் நார்கள் பதினான்கு ஆணிகளில் போய் முடிந்தன. பதினான்கு முடிவுகள். அதில் எட்டாவது முடிவைத் தட்டச்சு செய்தபோது அவளே அழுதாள் என்று கீழே சிப்ஸ் வறுக்கிறவர் சொல்கிறார். மேலிருந்து சொட்டியதில் அவருடைய எண்ணெய்ச்சட்டி நாலுமுறை படபடவென்று பொரிந்ததாம்.

ஒவ்வொரு முடிவுக்கும் படம் வரைய வேண்டியவன் சஜின். அவன் ஒரு படம் வரைய இருபத்துநாலு நாள் எடுப்பான், ஆனால் வரைந்தால் படத்திலிருக்கும் மாமரத்தில் நிஜ அணில் ஏறப் பார்க்கும். சோதனைக்காக அவன் முதலில் வரைந்தது, புருஷன் வீட்டுக்கே திரும்பிவிடும் முடிவில் செண்பகவல்லி அவன் முற்றத்தை வாரியலால் தூத்துப் பெருக்கிக்கொண்டிருக்கும் படம். அது அவ்வளவு அழகாக அமைந்துவிட்டதுதான் கேடு. சிவபிரசாத் அதைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மிச்சப் பதின்மூன்று படங்களுக்கு ஆகும் மாதங்களை விரல்விட்டு எண்ணினார். பிறகு நாற்காலிமேல் ஏறி, பதின்மூன்று நார்களையும் அவிழ்த்துக் கொண்டுவந்து ஒரே ஆணியில் கட்டினார். எதைத் தொட்டாலும் கடைசியில் செண்பகவல்லி வாரியலோடு அந்த முற்றத்துக்கே வந்து சேர்வாள்.

நந்தனா வாதாடிப் பார்த்தாள். அவர் ஏலக்காய் ஒன்றை மென்றபடி, “பிள்ளே, விளையாடுதவனுக்கு வழியா வேணும்? தொடுத சொகம் போதும் அவனுக்கு. தொட்டா ஒரு மணிச்சத்தம், ஒரு வெளிச்சம். ‘செண்பகவல்லி இதை மறக்கமாட்டாள்’னு ஒரு வரி போடு. மத்ததை அவன் மனசே கட்டிக்கும்” என்றார்.

அவள் போட்டாள். இருநூற்று ஒன்பது இடங்களில் அந்த வரியைப் போட்டாள். ஆட்டுக்குட்டியின் பேர் போன்ற மிச்ச மூன்று இடங்களில் மட்டும் தொட்டது நிஜமாகவே நடந்தது. செண்பகவல்லி எதையும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. அந்த வரிக்குப் பின்னால் நிரலில் ஒரு புள்ளிகூட இல்லை. கிளை பிரியும் இடமெல்லாம் என்ன காட்டுவது என்ற கேள்வி வந்தபோது, வாழையிலையில் மடித்து நார் கட்டிய இரண்டு பொட்டலங்களைக் காட்டலாம் என்று யோசனை சொன்னவளும் நந்தனாதான். அவள் வீட்டில் எந்தப் பெரிய காரியமும் அப்படித்தான் தீர்மானமாகும். தெருக்கோடி இசக்கியம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, ஒன்றில் சிவப்பு அரளி. யாருடைய காரியமோ அவர்களே கண்ணைமூடி ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை என்றால் நடத்தலாம், சிவப்பு என்றால் விட்டுவிட வேண்டும். பிச்சிப்பூ வைத்தால் மணம் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அரளிதான் வழக்கம். இந்த உலகத்தில் கள்ளமில்லாத காரியம் அது ஒன்றுதான் என்று நந்தனா நினைத்திருந்தாள். ஐந்து வருடத்துக்கு முன் புனேயில் படிக்க இடம் கிடைத்தபோது சிவப்பு வந்தது. அவள் பெட்டியிலிருந்து துணிகளை எடுத்து மடித்து அலமாரியில் வைத்தாள். அம்மனிடம் யார் சண்டை போடுவது?

முத்துக்கனி மகள் செய்த விளையாட்டு என்று பெருமையோடு ஆடத் தொடங்கி, செண்பகவல்லியை எப்படியாவது கரையேற்றியே தீருவது என்று முப்பத்தொரு முறை ஆடினாள். வழக்குப் போட வைத்தாள், வென்றாள், முற்றம். குவைத்துக்கு அனுப்பினாள், வீடு கட்ட வைத்தாள், முற்றம். ஒருமுறை எரிச்சலில் புருஷனையே கொன்றுவிடும் பொட்டலத்தைத் தொட்டாள். அப்போதும் செண்பகவல்லி அவன் வீட்டு முற்றத்தைத்தான் தூத்தாள், அவன் பின்னால் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தான். முப்பத்திரண்டாவது முறை தொட்டபோதுதான் நாற்றம் கிளம்பியது.

“ஏட்டி, இவ எதைத் தொட்டாலும் வாரியலைத் தூக்கிட்டு அங்கேயேதான் வந்து நிக்கா,” என்றாள் அன்று சாயங்காலம். “இது நீ எழுதினதா, இல்ல அந்தச் சவம் எழுதினானா?”

நந்தனா சிவபிரசாத்தின் பேரைச் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள்.

அதற்குள் விளையாட்டு நாற்பதாயிரம் கைப்பேசிகளுக்குப் போயிருந்தது. முத்துக்கனிக்கு வந்தது எல்லோருக்கும் வந்தது. இரணியல் ஸ்டேஷனில் ஒரு பாசஞ்சர் வண்டியின் மூன்றாவது பெட்டி முழுதாகக் காலியாகி, ஆட்கள் தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் வரிசையாக உட்கார்ந்து வாந்தியெடுத்தார்கள். சார்ஜாவில் நம்மூர்க்காரர்கள் தங்கிய கட்டடத்தில் சாக்கடைக் குழாய் வெடித்துவிட்டதென்று பதினேழு பிளம்பர்களைக் கூப்பிட்டார்கள். கருங்கல் சந்தையில் மீன்காரிகள் மூக்கைப் பொத்தினார்கள் என்றால் மற்றவர்கள் நிலையைச் சொல்ல வேண்டாம். குலசேகரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் பாயசம் விளம்பும் நேரம் பார்த்து மாப்பிள்ளையின் தம்பி ஒரு பொட்டலத்தைத் தொட்டான். நானூறு இலை அப்படியே மடிக்கப்பட்டது, பெண்ணும் மாப்பிள்ளையும் மட்டும் சளி பிடித்திருந்ததால் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

செப்டம்பரில் நாற்றம் கைப்பேசியைவிட்டு வெளியே வந்தது. ஒருவன் இன்னொருவனிடம் இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள் என்று நீட்டி, இரண்டும் ஒன்றாகவே இருந்தால் அந்த இடத்தில் கதம்பல் நாறியது. ஓட்டல்களில், பரோட்டா தீர்ந்து இடியாப்பம் மட்டும் மிச்சமிருக்கையில் பரோட்டாவா இடியாப்பமா என்று கேட்ட சர்வர் கேட்ட வாயோடு பின்கட்டுக்கு ஓடினார். பிள்ளைகளிடம் டாக்டராகிறாயா என்ஜினீயராகிறாயா என்று கேட்டுவந்த மாமாக்கள் பேச்சை நிறுத்தினார்கள். கட்சிக்காரர்கள் இரண்டு பேர் தனித்தனியாக ஓட்டுக் கேட்டு வந்த தெருவில் மூன்று நாள் யாரும் சன்னலைத் திறக்கவில்லை. ஜவுளிக்கடையில் ஒரே துணியை இரண்டு மடிப்பாக விரித்துக் காட்டிய விற்பனையாளர் ஒருவர் மயங்கி விழுந்து, தெளிந்ததும் உண்மை விலையைச் சொன்னார். நாகர்கோவிலில் அது மறக்க முடியாத நாள்.

சிவபிரசாத்துக்கு வாய் நாறியது. ஏலக்காய், கிராம்பு, கடைசியில் முழுப் பூண்டு என்று மென்று பார்த்தார். ஆட்களைக் கூட்டி, இது எதிரிக் கம்பெனியின் சதி என்றார். பிறகு நந்தனாவிடம், விளையாடியவர்களிடம் மன்னிப்புக் கேட்டு எழுதுகிறாயா, வருத்தம் தெரிவித்து எழுதுகிறாயா, உன் இஷ்டம் என்றார். சொல்லி முடிக்கும் முன் சஜின் சன்னல் வழியாகக் கீழே குதித்தான். சிப்ஸ் கடைத் தகரக் கூரைமேல் விழுந்ததால் பிழைத்தான்.

இந்த அமளிக்கு நடுவில்தான் நந்தனாவுக்குக் கொச்சியிலிருந்து கடிதம் வந்தது. அங்கே பெரிய கம்பெனி ஒன்றில் கதைப் பிரிவுக்கு ஆள் வேண்டும், நவம்பரில் வந்து சேரலாம். அவள் அதை ஆறுமுறை படித்துவிட்டு அப்பாவிடம் நீட்டினாள். கிருஷ்ணமணி நல்ல மனுஷர். இருபது வருடமாக உரம் விற்கிறார், ஒரு விவசாயியிடமும் இல்லை என்று சொன்னதில்லை. நாளைக்கு வரும் என்பார், அது வராது. மகளிடமும் அவர் இல்லை என்றோ வேண்டாம் என்றோ சொன்ன சரித்திரம் கிடையாது. கடிதத்தைக் கண்ணாடி போட்டுப் படித்து, மடித்து, கொள்ளாம் மக்கா, நல்ல இடம்தான், வெள்ளிக்கிழமை அம்மன்கிட்ட பூக்கட்டிப் பார்த்துடலாம் என்றார்.

வெள்ளிக்கிழமை பூசாரி செல்லப்பன், கிருஷ்ணமணி கட்டிக்கொண்டுவந்த இரண்டு பொட்டலங்களையும் அம்மன் பாதத்தில் வைத்துக் கற்பூரம் காட்டினார். நந்தனா கண்ணை மூடிக் கையை நீட்டினாள். அப்போது கிளம்பியது. இருபத்தைந்து வருடக் கற்பூரமும் சாம்பிராணியும் படிந்த கோயில், அதையெல்லாம் ஒரே அடியாக அடித்துத் தள்ளிக்கொண்டு நாற்றம் கிளம்பியது. செல்லப்பன் தட்டைப் போட்டுவிட்டு வேப்பமரத்தடிக்கு ஓடினார். நந்தனா கண்ணைத் திறக்கவில்லை. மூச்சை இழுத்துப் பார்த்தாள். அந்த நாற்றத்தை அவளைவிட நன்றாக அறிந்தவர் மாவட்டத்தில் யாருமில்லை. பிறகு உட்கார்ந்து இரண்டு பொட்டலங்களையும் பிரித்தாள். இரண்டிலும் சிவப்பு அரளி.

அவள் வாந்தியெடுத்தாள். காலையில் சாப்பிட்ட தோசை, நேற்றையது, அதன்பின் ஐந்து வருடத்துக்கு முன் புனே கடிதம் வந்த அன்று சாப்பிட்ட பால்கொழுக்கட்டை வரைக்கும் வந்தது என்கிறார் செல்லப்பன். அவர் மரத்தடியிலிருந்து பார்த்தார்.

“அப்பவும் ரெண்டும் செவப்புதானாப்பா?” என்று கேட்டாள்.

கிருஷ்ணமணி அம்மனைப் பார்த்துக்கொண்டு நின்றார். “நான் வேண்டாம்னு சொன்னா நீ என்னை வெறுத்திருப்ப மக்கா. அம்மன் சொன்னா வெறுக்கமாட்டல்லா.”

“நீங்க வேண்டாம்னு சொல்லியிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன். தோத்தாலும் போட்டிருப்பேன். அதுக்குக்கூட வழியில்லாம பண்ணிட்டியளே.”

அவர் செல்லப்பன் போட்டுவிட்டுப் போன தட்டை எடுத்து நிமிர்த்தி வைத்தார். பிறகு, சரி, கொச்சிக்குப் போறதும் போகாததும் உன் இஷ்டம் என்றார். நாற்றம் இரண்டு மடங்காகி, தெப்பக்குளத்தில் படி ஏறிக்கொண்டிருந்த ஆமைகள் திரும்பித் தண்ணீருக்குள் போயின.

அன்று மத்தியானம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தபோது சோற்றில் வைத்த கையை யாராலும் வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. மூன்று வலது கைகளும் நாறின. கிருஷ்ணமணியின் கை ஏனென்று தெரியும். முத்துக்கனி தன் கையை முகர்ந்து பார்த்து, ரசத்தைத் தள்ளிவைத்து, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், அரளி பறிச்சுக் குடுத்தது நான்தான், ரெண்டு தடவையும் நான்தான், வெள்ளைச் செடிப் பக்கமே நான் போகல்ல. சொன்னதும் அவள் கை சுண்டுவிரலிலிருந்து தொடங்கி மணிக்கட்டு வரை சுத்தமாயிற்று. பறித்துக் கொடுத்த கைதான் அந்த விளையாட்டை முப்பத்திரண்டு முறை ஆடிய கை என்பதும், செண்பகவல்லிக்காக அவள் ஏன் அத்தனை பாடுபட்டாள் என்பதும் நந்தனாவுக்கு அப்போது விளங்கியது. ஆனால் நந்தனாவின் கை? எலுமிச்சை, சாம்பல், சீயக்காய், மரியஜான் கொடுத்த ஏதோ ஒரு திராவகம் எதற்கும் அது மசியவில்லை. அப்பா ஒருத்திக்கு இரண்டு பொட்டலம் கட்டினார். அவள் நாற்பதாயிரம் பேருக்கு இருநூற்று ஒன்பது முறை கட்டியிருந்தாள். அப்பாவைப் பார்த்து வந்த குமட்டல் தன் கையைப் பார்த்தபோதும் அதே அளவு வந்தது, ஒரு இம்மிகூடக் குறையவில்லை. முத்துக்கனி ஊட்டிவிட்டாள். நந்தனா கழுத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை இரணியலுக்குப் போய் நாற்காலிமேல் ஏறிச் சுவரிலிருந்த முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். சிவபிரசாத் தடுக்க வாயைத் திறந்தார், மற்ற நாலு பேரும் மூக்கைப் பொத்தியதால் மூடிக்கொண்டார். படம் இல்லாமல் என்ன செய்வாய் என்று காகிதத்தில் எழுதிக் காட்டினார். படம் இல்லாவிட்டால் படம் இல்லை என்றாள் நந்தனா. வெறும் கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் வந்தால் போதும், ஆனால் நர்சிங் படித்தவள் நர்ஸாக வேண்டும், கொன்றவள் ஜெயிலுக்குப் போக வேண்டும். நாற்பத்தொரு நாள் அவள் இடது கையால் தட்டச்சு செய்தாள், வலது கையைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டியிருந்தாள். மறக்கமாட்டாள் என்று எழுதிய இடத்திலெல்லாம் செண்பகவல்லி நிஜமாகவே மறக்காமலிருக்க வழி செய்தாள். ஒரு நார் அவிழும்போது எங்கேயோ மூவாயிரம் கைப்பேசிகள் மணக்காமல் நாறாமல் சாதாரணமாயின. சார்ஜாவில் பிளம்பர்கள் ஊருக்குப் போனார்கள். சுண்டுவிரல், மோதிரவிரல் என்று அவள் கையும் சுத்தமாகிவந்தது. முற்றத்தைத் தூத்துக்கொண்டிருக்கும் முடிவை மட்டும் அவள் அழிக்கவில்லை. அதற்கும் ஒரு பாதை விட்டாள், போகிறவர்கள் தெரிந்து போகட்டும் என்று. கணக்கெடுத்ததில் அந்தப் பாதையில் பதினோரு பேர் போயிருந்தார்கள், அதில் ஒன்பது பேர் படத்துக்காக. எட்டாவது முடிவைப் படித்துவிட்டு அம்பாசமுத்திரத்தில் ஒரு பெண்மணி கைப்பேசியை மாடத்தில் வைத்து விளக்கேற்றினாளாம். அது கொஞ்சம் அதிகமாகத்தான் படுகிறது, இருந்தாலும் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

கிருஷ்ணமணியின் கை மட்டும் நாறிக்கொண்டே இருந்தது. அவர் கடையில் எலும்புத்தூளும் வேப்பம்பிண்ணாக்கும் மீன் உரமும் அடுக்கியிருந்ததால் வந்தவர்கள் யாரும் பொருட்படுத்தவில்லை. இந்த முறை சரக்கு நல்ல வீரியம் என்று இரண்டு மூட்டை கூடுதலாகவே வாங்கிப் போனார்கள். நந்தனா ஒவ்வொரு நாளும், அப்பா நான் போகட்டுமா என்று கேட்டாள். ஒவ்வொரு நாளும் அவர், உன் இஷ்டம் மக்கா என்றார். உடனே வீட்டில் சன்னல்களைத் திறப்பார்கள். பயணச்சீட்டு எடுத்த அன்றும் உன் இஷ்டம். பெட்டி கட்டிய அன்றும் உன் இஷ்டம். அவர் ஸ்பூனில் சாப்பிடப் பழகிக்கொண்டார்.

நவம்பர் பதிமூன்றாம் தேதி காலை நாகர்கோவில் ஸ்டேஷனில் வண்டி பன்னிரண்டு நிமிடம் தாமதம் என்று அறிவித்தார்கள். நடைமேடையில் ஒருவர் காப்பிப் பாத்திரத்தை மட்டும் தூக்கிக்கொண்டு சாயாவா காப்பியா என்று கேட்டபடி வந்தார். கதம்பல் நாறியது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்தாமலே ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள், ஒரு அம்மா பிள்ளையின் மூக்கையும் சேர்த்துப் பிடித்தாள், காப்பிக்காரர் காப்பிதான் காப்பிதான் என்று திருத்திக்கொண்டு போனார். மாவட்டத்தில் இப்போது அதற்கு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கிருஷ்ணமணி நாறும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார். காப்பிக்காரர் தாண்டிப் போனதும் அவருக்கு ஏதோ ஆயிற்று. “போகாதே,” என்றார். “எனக்கு இஷ்டமில்ல. அப்போ நீ புனேக்குப் போறதும் எனக்கு இஷ்டமில்ல. நீ போனா எனக்கு அந்த வீட்டுல இருக்கப் பிடிக்காது. போகாதே.”

நந்தனா மூச்சை இழுத்துப் பார்த்தாள். எண்ணெய், இரும்பு, யாரோ தலையில் வைத்திருந்த பிச்சிப்பூ. வேறு ஒன்றுமில்லை.

பிறகு அவள் சண்டை போட்டாள். ஐந்து வருடத்தைப் பன்னிரண்டு நிமிடத்தில் போட்டாள். அவரும் விடவில்லை, தொண்டை கிழியக் கத்தினார், உனக்கு மூளையில்லை என்றார், கொச்சியில் மழை விடாது என்றார், உன் கதையை எவன் படிப்பான் என்றார். அவள் கோழை என்றாள், கள்ளன் என்றாள், அம்மன் பெயரைக் கெடுத்தவன் என்றாள். போர்ட்டர்கள் சுமையை இறக்கிவைத்துக் கேட்டார்கள். முத்துக்கனி இருவருக்கும் நடுவே பெஞ்சில் உட்கார்ந்து கடலை கொறித்தாள். வண்டி வந்து நின்றது. நந்தனா ஏறினாள். கிருஷ்ணமணி பெட்டியைத் தூக்கிச் சன்னல் பக்கமாகக் கொண்டுபோய், அது கம்பிக்குள் நுழையாது என்று கண்டு, கதவுப் பக்கம் ஓடி உள்ளே தள்ளினார். தள்ளும்போதும், போகாதே போகாதே என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் போனாள்.